25,000 அடி உயரத்தில் மூச்சு: பி-17 விமானத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் போய்த் திரும்புவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

போர்க்காட்சிகளில் நடிகர் மாஸ்கை ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு வசனம் பேசுவார். முகம் தெரிய வேண்டுமே! நிஜத்தில் 25,000 அடியில் அப்படிப் பேச ஆரம்பித்தால், உருப்படியாக யோசித்துச் செயல்பட அவருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் இருக்கும். 30,000 அடியில் ஒன்றிரண்டு நிமிடம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றிக் கதை எழுதுபவர்கள், விமான மாடல் செய்பவர்கள், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பச்சை ரப்பர் மாஸ்கைப் பார்த்துவிட்டு “இதை எப்படித்தான் மாட்டியிருப்பார்கள்?” என்று யோசித்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எல்லா நாட்டு மாஸ்க்கையும் ஒரே மூச்சில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். வருடம் 1944, மாதம் ஜனவரி. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் அமெரிக்க 8-வது வான்படையின் ஒரு தளம். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் நடுப்பகுதியில், பக்கவாட்டு ஜன்னலில் நின்று துப்பாக்கி பிடிக்கும் ஆள் நீங்கள். உங்கள் மாஸ்க்கின் பெயர் ஏ-14.

முதலில் கொஞ்சம் காற்றுக் கணக்கு

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. தரையிலும் 21 சதவீதம்தான், 25,000 அடியிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 18,000 அடியில் அது தரையில் இருப்பதில் பாதி. 25,000 அடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் அழுத்தம் இல்லாமல் போகிறது. சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் அந்தக் குறையை ஈடுகட்டலாம். அப்படிச் சுவாசித்தால் 34,000 அடிவரை தரையில் இருப்பது போலவே இருக்கலாம். 40,000 அடியில் அதே சுத்த ஆக்சிஜன் 10,000 அடியில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். அதற்கும் மேலே போக, ஆக்சிஜனை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் தள்ளும் வேறு வகை மாஸ்க் வேண்டும். அது உங்கள் கவலை இல்லை. குண்டு வீசப் போகும்போது உங்கள் விமானம் அவ்வளவு உயரம் போகாது.

பி-17-இல் காற்றழுத்த அறை கிடையாது. நீங்கள் நிற்கும் ஜன்னல் திறந்தே இருக்கும். வெளியே மைனஸ் 40 டிகிரி என்றால் உள்ளேயும் ஏறத்தாழ அதுதான்.

படி 1: அழுத்த அறையில் உங்கள் முட்டாள்தனத்தை நீங்களே பாருங்கள்

மாஸ்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே இந்தப் படி. பயிற்சித் தளத்தில் பெரிய இரும்புத் தொட்டி போன்ற அறைக்குள் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். ஒருவரை மட்டும் மாஸ்கைக் கழற்றச் சொல்லி, தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்கள். முதல் நாலைந்து வரி ஒழுங்காக இருக்கும். அப்புறம் எழுத்து பெரிதாகும், கோணலாகும், கடைசியில் வெறும் கிறுக்கல். எழுதுகிறவர் முகத்திலோ சிரிப்பு! நன்றாகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். மாஸ்கை மாட்டிவிட்டால் பதினைந்து இருபது நொடியில் தெளிந்துவிடுவார். தாளைக் காட்டினால் நம்ப மாட்டார்.

இந்தப் பயிற்சியை ஏதோ சடங்கு என்று தள்ளிவிட்டவர்கள்தான் பிறகு மாட்டிக்கொண்டார்கள். தொண்டையை நெரித்தால் திமிறுவோம், காரணம் வெளியேறாத கார்பன் டை ஆக்சைடு. உயரத்தில் அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால் மூச்சு முட்டும் உணர்வே வராது. லேசான போதை, நிம்மதி, நகக்கண் நீலம், அப்புறம் இருட்டு. கொரோனா காலத்தில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அளவு 80-க்குக் கீழே இறங்கியிருக்கும், ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். ஒரு செய்தி: ‘ஆக்சிமீட்டர்’ என்ற பெயரே இந்தப் போரிலிருந்து வந்ததுதான். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் கிளென் மில்லிகன் 1940-களின் தொடக்கத்தில் விமானிகளுக்காகச் செய்த, காதில் மாட்டும் கருவிக்கு வைத்த பெயர் அது. உங்கள் விமானத்தில் அந்த வசதி எல்லாம் கிடையாது.

இதற்கு இன்னும் பழைய சாட்சியும் உண்டு. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்ஸில் ‘ஜெனித்’ என்ற பலூனில் மூன்று பேர் மேலே போனார்கள். ஆக்சிஜன் பைகள் தலைக்கு மேலேயே தொங்கின. உறிஞ்ச வேண்டும் என்று நினைத்தபோது கை எழவில்லை. திரும்பி வந்தவர் கஸ்தோன் திஸாந்தியே ஒருவர்தான், மற்ற இருவரும் இறந்துபோனார்கள். ஆக்சிஜன் பக்கத்தில் இருப்பது வேறு, அது வாய்க்கு வந்து சேர்வது வேறு. கீழே வரும் படிகள் அத்தனையும் இந்த இடைவெளியைப் பற்றியவைதான்.

படி 2: ஷேவ் செய்யுங்கள், அளவு பாருங்கள்

ஏ-14 மூன்று அளவுகளில் வரும்: சிறியது, நடுத்தரம், பெரியது. இதை மேயோ மருத்துவமனையின் ஆர்தர் புல்புலியன் குழு உருவாக்கியது. 1938-இல் பூத்பி, லவ்லேஸ், புல்புலியன் மூவரும் சேர்ந்து செய்த பி.எல்.பி. மாஸ்க்தான் இந்தக் குடும்பத்தின் பாட்டி. இடையில் வந்த ஏ-8பி மாஸ்க்கின் கீழே ஒரு ரப்பர் பை தொங்கும். ஆக்சிஜன் விடாமல் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் மூச்சு விட்டாலும் விடாவிட்டாலும். வீணாவது ஒரு பக்கம் இருக்க, கடும் குளிரில் ஈரம் பனியாகி உறையும் தொல்லையும் இருந்தது. அடுத்து வந்த ஏ-10, நீங்கள் உறிஞ்சும்போது மட்டும் ஆக்சிஜன் தரும் ‘கேட்டால் கொடு’ முறையில் வந்தது. ஆனால் முகத்தில் சரியாக உட்காராமல் அதுவும் பேர் கெடுத்துக்கொண்டது. 1943-இல் ஏ-14 வந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி.

ஷேவ் செய்வது அழகுக்காக இல்லை. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு நாள் தாடி இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். ‘கேட்டால் கொடு’ முறையில் இது இரட்டிப்பு ஆபத்து. கசிவு இருந்தால் நீங்கள் இழுக்கும் இழுப்பு, ஆக்சிஜனைத் திறந்துவிடும் கருவியான ரெகுலேட்டரை எட்டாது. அது திறக்காது. நீங்களோ நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள், வெறும் மெல்லிய காற்றை.

அடுத்தவர் மாஸ்கை இரவல் வாங்காதீர்கள். வார்கள் உங்கள் தலைக்கும் உங்கள் ஹெல்மெட்டுக்கும் ஏற்றபடி இழுத்துக் கட்டியவை.

படி 3: புறப்படும் முன் சோதனை

இதைத் தரையிலேயே முடித்துவிட வேண்டும். மேலே போனபிறகு தடித்த கையுறையோடு எதையும் தேட முடியாது.

மாஸ்கை மாட்டி, நெளிவுக்குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து மெதுவாக மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். எங்கேயாவது ‘புஸ்’ என்று காற்று வந்தால் வாரைச் சரிசெய்யுங்கள். பலமாக இழுத்துப் பார்க்காதீர்கள், அந்த இழுப்பில் கசிவுகூடத் தற்காலிகமாக அடைபட்டு உங்களை ஏமாற்றிவிடும்.

மாஸ்க்குக்குள் வரும் வழி கன்னத்துப் பக்கம் இரண்டு துளைகள். போகும் வழி முகவாய்க்கு மேலே உள்ள வால்வு. மூன்றும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னால் ஒரு சிறு பையில் மைக் இருக்கும். அதன் வயர் ஒழுங்காகப் போகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து குழாய் இணைப்பு. பெரும்பாலான கதைகள் முடிந்த இடம் இதுதான். மாஸ்க்கின் குழாயும் ரெகுலேட்டரின் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும். ஆண் முனையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது இருக்கிறதா? தேய்ந்திருக்கிறதா? சொருகிய பிறகு இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் பிரிய வேண்டும். பூ மாதிரி கழன்று வந்தால் முனையைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அப்புறம், ரெகுலேட்டர் குழாயில் உள்ள கிளிப்பை உங்கள் உடையிலோ பாராசூட் வாரிலோ மாட்டுங்கள். திரும்பும்போது குழாய் இழுபட்டால் இழுப்பு கிளிப்பில் விழும், இணைப்பில் விழாது.

இனி சுவரில் இருக்கும் கருவிகள். அழுத்தமானி 400-க்கு மேல் காட்ட வேண்டும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). பிரிட்டிஷ் விமானங்களின் சிலிண்டர்களில் 1,800 இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? குண்டு துளைத்தால் வெடித்துச் சிதறக் கூடாது என்பதற்காக. அதனால்தான் பி-17-இல் தடித்த மஞ்சள் நிறச் சிலிண்டர்கள் 18 வரை அங்கங்கே அடுக்கியிருக்கும். நான்கு தனித்தனி இணைப்புகளாகப் பிரித்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும்.

பக்கத்தில் கண் போல ஒரு சிறு முகப்பு, ‘பிளிங்கர்’. நீங்கள் மூச்சை இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடும். அது கண் சிமிட்டுகிறவரை ஆக்சிஜன் வருகிறது என்று பொருள்.

ரெகுலேட்டரில் ஒரு நெம்புகோலும் சிவப்புக் குமிழும் உண்டு. நெம்புகோலின் பெயர் ‘ஆட்டோ மிக்ஸ்’. ‘ஆன்’ நிலையில் உயரத்துக்கு ஏற்ப வெளிக்காற்றையும் ஆக்சிஜனையும் தானாகக் கலந்து தரும். தரையில் பெரும்பாலும் காற்று, சுமார் 30,000 அடியில் முழுக்க ஆக்சிஜன். ‘ஆஃப்’ செய்தால்? ஆக்சிஜன் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடையாது, நூறு சதவீத ஆக்சிஜன் வரும்! நிற்பது கலப்பு மட்டுமே. இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. பிறகு ‘சாதாரண ஆக்சிஜன்’, ‘100 சதவீதம்’ என்று எழுத்தை மாற்றினார்கள். உங்கள் விமானத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக் குமிழ் அவசரத்துக்கு. திறந்தால் நிற்காமல் கொட்டும். உங்கள் பங்கு மட்டுமல்ல, அதே இணைப்பில் இருக்கும் கூட்டாளியின் பங்கும் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

எண்ணெய், கிரீஸ், முகத்துக்கு வாசலின் எதுவும் வேண்டாம். ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றும். ஆஸ்பத்திரி ஆக்சிஜனையும் இந்தச் சிலிண்டர்களில் நிரப்பக் கூடாது. அதில் இருக்கும் ஈரம் வால்வில் போய் உறைந்துவிடும்.

படி 4: 10,000 அடி

பகலில் 10,000 அடியில் மாஸ்கை மாட்டியாக வேண்டும் என்பது விதி. விமானி அறிவிப்பார், மாட்டுங்கள், வேலை முடிந்தது. இரவில் பறப்பவர்களுக்கு விதி கடுமை. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஜெர்மனிக்குப் போன பிரிட்டிஷ் ஆட்கள் இதைவிடத் தாழ்ந்த உயரத்திலேயே மாட்டிவிடுவார்கள். ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவது இருட்டில் பார்க்கும் பார்வை. இருட்டில் எதிரி விமானத்தின் நிழலைத் தேடும் துப்பாக்கிக்காரருக்கு அது போனால் எல்லாம் போயிற்று.

படி 5: பனியோடு மல்லுக்கட்டுங்கள்

இனி ஐந்தாறு மணி நேரம் இதுதான் உங்கள் உலகம். உடம்போடு மூன்று கொடிகள்: ஆக்சிஜன் குழாய், சூடேற்றும் உடையின் மின்வயர், பேசும் வயர். மூன்றும் பின்னிக்கொள்ளாமல் திரும்பப் பழக வேண்டும்.

நீங்கள் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. மைனஸ் 40-இல் அது மாஸ்க்குக்குள்ளேயே பனியாகும். எச்சில் வழிந்து முகவாயில் குச்சிக்குச்சியாக உறையும். கன்னத்துத் துளைகள்தான் முதலில் அடைபடும். அதைத் தடுக்க அந்த இடத்தில் சிறு ரப்பர் தடுப்பிதழ்களைப் பிறகு சேர்த்தார்கள். அவை இருந்தாலும் கவனம் தேவை. மூச்சை இழுக்க வழக்கத்தைவிடச் சிரமமாக இருந்தால் அதுதான் அறிகுறி.

அப்போது செய்ய வேண்டியது: மாஸ்கைக் கழற்றாமல், கையுறையோடு அதன் இரு பக்கங்களையும் பிடித்துக் கசக்குங்கள். ரப்பர் வளைந்து உள்ளே உள்ள பனி ‘மொறுமொறு’ என்று நொறுங்கும். சில்லுகள் உதட்டில் விழும், பரவாயில்லை. சில நிமிடத்துக்கு ஒரு தடவை, பனி பிடிக்காதபோதும் கசக்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குழாயையும் அப்படியே தட்டிவிடுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் சுரண்டப் போகாதீர்கள். வெறும் விரல் உலோகத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், தோல் அங்கேயே தங்கிவிடும்.

வாந்தி வந்தால்? வரும், பயமும் குலுக்கலும் சேர்ந்து. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மாஸ்கின் ஒரு பக்கத்தை அவிழ்த்து, காரியத்தை முடித்து, உறைவதற்குள் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சைகை காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

படி 6: பெயர் கேட்டால் பதில் சொல்லுங்கள்

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, உயரம் கூடினால் இன்னும் அடிக்கடி, துணை விமானியோ குண்டு வீசுபவரோ ஒவ்வோர் இடமாகக் கூப்பிடுவார். வால் துப்பாக்கி? சரி. கீழ்ப் பந்து (விமானத்தின் வயிற்றில் உருண்டைக் கூண்டில் இருப்பவர்)? சரி. இடுப்பு (நீங்கள்தான்)? சரி. பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவார். அப்போதும் பதில் இல்லை என்றால் ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

வான்படை செய்த எல்லா ஏற்பாடுகளிலும் இதுதான் ஆகச் சிறந்தது என்பது என் எண்ணம். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மயங்கப் போகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகுதியை முதலிலேயே இழந்துவிடுகிறார், இன்னொருவர்தான் கவனிக்க வேண்டும். உங்களுக்காவது எதிர் ஜன்னலில் ஒரு கூட்டாளி நிற்கிறார். வாலில் இருப்பவர் தனியாள். அவர் குழாய் கழன்றால் அடுத்த அழைப்புவரை யாருக்கும் தெரியாது.

படி 7: இடம் மாற வேண்டுமா?

சுவரில் மாட்டியிருக்கும் நடமாடும் சிறு போத்தலை எடுங்கள். ஏ-4 என்ற அந்தச் சின்னப் போத்தல் சில நிமிடங்களே தாங்கும். துப்பாக்கியையோ குண்டுப் பெட்டியையோ தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினால் அதுவும் பாதியாகும். வரிசை முக்கியம்: போத்தலின் அழுத்தத்தைப் பாருங்கள், உடையில் கிளிப் போடுங்கள், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவர்க் குழாயைப் பிரித்துப் போத்தலில் சொருகுங்கள், இழுத்துப் பாருங்கள், அப்புறம் நடங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள குழாயில் மாறிக்கொண்டு, போத்தலை நிரப்பி வையுங்கள். “பக்கத்து இடம்தானே, ஓடிப் போய்விட்டு வந்துவிடலாம்” என்று போத்தல் இல்லாமல் கிளம்பியவர்கள் பலர் பாதி வழியில் விழுந்தார்கள்.

படி 8: கூட்டாளி விழுந்து கிடந்தால்

ஓடாதீர்கள். முதலில் உங்கள் போத்தல். அது இல்லாமல் போனால் விழுந்தவர்கள் இரண்டு பேர் ஆவார்கள்.

போனதும் அவர் குழாய் இணைப்பைப் பாருங்கள், பத்துக்கு எட்டு தடவை கோளாறு அங்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பிரிந்திருந்தால் சொருகுங்கள். ஆட்டோ மிக்ஸை ‘ஆஃப்’ செய்யுங்கள், சிவப்புக் குமிழைத் திறங்கள், மாஸ்கை முகத்தோடு அழுத்திப் பிடியுங்கள். பனி அடைத்திருந்தால் கசக்குங்கள். மூச்சே இல்லையென்றால் செயற்கை மூச்சு. விமானியிடம் சொல்லுங்கள். ஆனால் குண்டு வீசும் அணிவகுப்பைவிட்டு ஒருவருக்காக ஒரு விமானம் கீழே இறங்குவது எளிதான முடிவு இல்லை. தனியாக இறங்கும் விமானத்தை எதிரிச் சண்டை விமானங்கள் விடமாட்டா.

தெளிந்து எழுந்ததும் அவர் உங்களைத் திட்டலாம், “நான் எங்கே மயங்கினேன், ஏன் என்னைப் பிடித்து அமுக்குகிறாய்?” என்பார். அழுத்த அறையில் பார்த்த அதே ஆள்தான். கோபித்துக்கொள்ளாமல் சிவப்புக் குமிழை மூடுங்கள்.

படி 9: குதிக்க நேர்ந்தால்

காலில் கட்டிய சிறு போத்தலைத் திறந்து, அதன் குழாய் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு குதிக்க வேண்டும். அது இல்லையென்றால் பாராசூட்டை உடனே விரிக்காமல், காற்று அடர்ந்திருக்கும் உயரம்வரை விழுந்துவிட்டு விரிப்பது நல்லது. இதை மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. பி.எல்.பி. மாஸ்க்கின் லவ்லேஸ், ஒரு மருத்துவர், 1943 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் 40,200 அடியில் ஒரு பி-17-இலிருந்து தானே குதித்துப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் குதித்தது அதுவே முதல் தடவை. பாராசூட் விரிந்த வேகத்தில் நினைவு தப்பியது, கையுறை பறந்துபோய்க் கை பனியில் உறைந்து புண்ணானது. போத்தல் வேலை செய்தது, உயிரோடு இறங்கினார்.

படி 10: தரைக்கு வந்த பிறகு

10,000 அடிக்குக் கீழே மாஸ்கைக் கழற்றலாம். பெரும்பாலானோர் உடனே சிகரெட்டைத் தேடுவார்கள். சிவப்புக் குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.

மாஸ்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, மைக்கில் தண்ணீர் படாமல் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலோ அடுப்புச் சூடோ ரப்பரைக் கெடுக்கும். ஈரம் துளி மிஞ்சினாலும் நாளை காலை அது பனியாகத்தான் திரும்பி வரும்.

பழைய மாஸ்க் இன்று உங்கள் கைக்கு வந்தால்

80 வயது ரப்பர் அது. மடிக்காதீர்கள், முகத்தில் மாட்டி இழுத்துப் பார்க்காதீர்கள், எண்ணெய் தடவி ‘உயிர் கொடுக்க’ முயலாதீர்கள். முகத்தின் வடிவத்துக்கு அமிலமில்லாத தாளைச் சுருட்டி உள்ளே வைத்து, இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள். மாஸ்க்கோடு அக்காலக் கருவி முகப்பும் வந்தால் அதைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். இருட்டில் ஒளிர்வதற்காக அவற்றில் பலவற்றுக்கு ரேடியம் பூசினார்கள். ஒளி எப்போதோ மங்கியிருக்கும், கதிர்வீச்சு மங்கியிருக்காது.

எந்த நாட்டு மாஸ்க் என்று பிரித்தறிய, துணியா ரப்பரா என்று முதலில் பாருங்கள். 1940-இல் லண்டன் வானில் சண்டையிட்ட பிரிட்டிஷ் விமானிகள் போட்டிருந்த ‘டி’ வகை, பச்சைத் துணியில் உள்ளே மென்தோல் வைத்துத் தைத்தது. பின்னால் வந்த ‘ஜி’, ‘ஹெச்’ வகைகள் ரப்பர். கன்னத்தின் இரு பக்கமும் துளையும், முன்னால் மைக் பையும், நீண்ட நெளிவுக்குழாயும் இருந்தால், நாம் இவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டு பறந்த ஏ-14 அதுவாக இருக்கலாம். நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு பி-17 நிற்கிறது. அமெரிக்காவில் சவான்னா நகருக்குப் பக்கத்தில் 8-வது வான்படைக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. விமானத்தின் நடுப்பகுதி ஜன்னலருகே சுவரைப் பாருங்கள். ரெகுலேட்டரும் அந்தச் சின்ன பிளிங்கர் கண்ணும் துப்பாக்கிக்காரரின் பார்வை படும் உயரத்தில் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால்தான் புரியும்.